கம்பீசஸ் பூனைகளைக் காட்டித்தான் எகிப்தை வென்றானா?

2024 பிப்ரவரி 4, காலை – வாசகர் ஒருவரின் பதிவு

கி.மு. 525இல் பாரசீக மன்னன் கம்பீசஸ் தன் வீரர்களின் கேடயங்களில் பூனைப் படத்தை வரைந்துகொண்டு வந்ததாகவும், பூனையைக் கும்பிடும் எகிப்தியர்கள் அம்பு விட மனமில்லாமல் தோற்றுப்போனதாகவும் ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. எனக்கு இது உண்மையாகவே படுகிறது. கண்ட விலங்குகளையெல்லாம் கடவுளாக்கிக்கொண்ட நாடு வீழ்ந்ததில் வியப்பில்லை. மறுப்பவர்கள் ஆதாரத்தோடு மறுக்கலாம்.

பிப்ரவரி 4, இரவு

மேலே வாசகர் எழுதியதை நான் மறுக்கிறேன். கம்பீசஸ் எகிப்தியரை வென்ற பெலூசியம் போரைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் பழைய விவரம் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியது. போர் முடிந்து ஒரு நூற்றாண்டு ஆவதற்குள் எகிப்துக்குப் போன அவர், அந்தக் களத்தில் கிடந்த மண்டையோடுகளைத் தாமே பார்த்ததாகச் சொல்கிறார். பாரசீகனின் மண்டையோடு சிறு கூழாங்கல் பட்டாலே ஓட்டையாகிவிடும், எகிப்தியனுடையதைப் பெரிய கல்லால் அடித்தாலும் உடைவது கடினம் என்று அங்கேயே ஓர் ஆராய்ச்சியும் செய்துவிட்டுப் போகிறார். எகிப்திய அரசன் மூன்றாம் சாம்திக்கிடம் கூலிக்குப் போரிட்ட கிரேக்க வீரர்கள், பாரசீகர் பக்கம் ஓடிவிட்ட ஃபானெஸ் என்பவனின் பிள்ளைகளை இரண்டு படைகளுக்கும் நடுவே கொண்டுவந்து வெட்டி, அந்த இரத்தத்தில் மதுவையும் நீரையும் கலந்து குடித்துவிட்டுச் சண்டைக்குப் போனார்கள் என்பதையும் அவர் விட்டுவைக்கவில்லை. இத்தனையையும் எழுதியவர் பூனைக் கதை காதில் விழுந்திருந்தால் சும்மா இருந்திருப்பாரா? அவரிடம் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

கதை போலியேனஸிடமிருந்து வருகிறது. அவர் கி.பி. 2ஆம் நூற்றாண்டில், ரோமப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ் ஆட்சியில், போர்த் தந்திரங்களைத் திரட்டி எழுதியவர். போருக்கும் அவருக்கும் இடையே ஏறத்தாழ 690 ஆண்டுகள். அவரும் கேடயத்தில் படம் வரைந்ததாகச் சொல்லவில்லை. நாய், ஆடு, பூனை, அரிவாள் மூக்கன் என்னும் பறவை என்று எகிப்தியர் போற்றிய உயிருள்ள விலங்குகளைக் கம்பீசஸ் முன்வரிசையில் நிறுத்தினான் என்றுதான் சொல்கிறார். கேடயப் படம் அதற்கும் பின்னால் ஒட்டிக்கொண்டது.

பிப்ரவரி 5

போர்க்களத்தில் பூனைகளை வரிசையாக நிறுத்த முடியும் என்று நம்பியவர் ஒரு பூனையையும் வளர்த்துப் பார்த்திருக்க மாட்டார்.

பிப்ரவரி 5, இரவு

கதை பொய் என்றால் பூனைக்கு இருந்த மதிப்பும் பொய்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. கிரேக்க வரலாற்றாசிரியர் டியோடோரஸ் கி.மு. 60ஐ ஒட்டி எகிப்தில் இருந்தார். அப்போது எகிப்தை ஆண்ட கிரேக்க வம்சத்து அரசன் பன்னிரண்டாம் தாலமி ரோமின் நட்பைப் பெறப் படாதபாடு பட்டுக்கொண்டிருந்தான். இத்தாலியிலிருந்து வந்தவர்களுக்கு எந்தக் குறையும் வந்துவிடக் கூடாது என்று ஊரே நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் ஒரு ரோமன் தவறுதலாக ஒரு பூனையைக் கொன்றுவிட்டான். கூட்டம் அவன் வீட்டைச் சூழ்ந்தது. அரசன் அனுப்பிய அதிகாரிகள் கெஞ்சிப் பார்த்தார்கள்; ரோமைப் பற்றிய அச்சமும் இருந்தது; இரண்டும் அவனைக் காப்பாற்றவில்லை. இதைக் கேள்விப்பட்டு எழுதவில்லை, கண்ணால் பார்த்தேன் என்று டியோடோரஸ் அழுத்திச் சொல்கிறார்.

ஹெரோடோட்டஸ் சொல்லும் வழக்கமும் இதோடு சேர்ந்து போகிறது. புனித விலங்கை வேண்டுமென்று கொன்றவனுக்கு மரணம். கைதவறிக் கொன்றால் பூசாரிகள் விதிக்கும் தண்டம். அரிவாள் மூக்கனையோ வல்லூறையோ எப்படிக் கொன்றாலும் மரணம். வீட்டுப் பூனை செத்தால் அந்த வீட்டார் புருவத்தை மழித்துக்கொண்டார்கள், நாய் செத்தால் தலையையும் உடல் முழுவதையும் மழித்துக்கொண்டார்கள் என்பதும் அவர் தரும் செய்திதான். ஆனால் அவர்கள் இருவருமே வெளியூர்க்காரர்கள். தங்கள் ஊரில் இல்லாத வழக்கத்தைக் கண்டு வாய் பிளந்தவர்கள் எழுதியதை வைத்து, உள்ளே இருந்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்று முடிவு கட்டிவிட முடியாது. எகிப்தியரே விட்டுச்சென்ற கல்லறைகளும் கணக்குகளும் கடிதங்களும் வேறொரு கதை சொல்கின்றன.

பிப்ரவரி 8

‘கண்ட விலங்குகளையெல்லாம் கடவுளாக்கிக்கொண்ட நாடு’ என்ற தொடருக்கு வருகிறேன். எனக்கு உறுத்துவது பூனையைவிட இதுதான்.

மெம்ஃபிஸ் நகரில் ஏபிஸ் காளை இருந்தது. எந்தக் காலத்திலும் ஒன்றுதான். ஒரு காளை இறந்த பிறகே அடுத்ததைத் தேடுவார்கள். கரிய உடல், நெற்றியில் வெள்ளை அடையாளம், முதுகில் கழுகின் உருவம், வாலில் இரட்டை மயிர், நாக்கின் அடியில் வண்டின் வடிவம் என்று தேடுவதற்குரிய குறிகளை ஹெரோடோட்டஸ் அடுக்குகிறார். அந்தக் குறிகளோடு பிறந்த கன்று கிடைத்தால் ஊர்வலமாக மெம்ஃபிஸுக்கு வரும், அதன் தாய்ப்பசுவுக்கும் தனி மரியாதை உண்டு. அந்தக் காளை ப்தா என்ற கடவுளின் தூதன். கடவுள் வந்து தங்கும் உடல். அதே தெருவில் ஏர் இழுத்துக்கொண்டிருந்த காளைக்கு இந்த மரியாதை எதுவும் கிடையாது. அதை அறுத்துத் தின்றார்கள், கோயிலிலேயே பலியும் கொடுத்தார்கள். புனிதம் என்பது இனத்துக்கு உரியதாக இருக்கவில்லை, தேர்ந்தெடுக்கப்பட்ட ஒன்றுக்கு உரியதாக இருந்தது. ஹீலியோபொலிஸில் மினேவிஸ், அர்மந்தில் புகிஸ் என்று மற்ற காளைகளுக்கும் இதே முறைதான்.

ஏபிஸ் இறந்தால் 70 நாள் சடங்கு. முதலாம் தாலமி ஆட்சிக்கு வந்த புதிதில் ஒரு ஏபிஸ் முதுமையால் இறந்ததாகவும், அதைப் பேணி வந்தவர் கையில் இருந்ததையெல்லாம் செலவழித்துவிட்டு, பற்றாக்குறைக்கு அரசனிடம் 50 டாலண்ட் (பழங்கால எடை அளவு) வெள்ளி கடன் வாங்கி அடக்கம் செய்ததாகவும் டியோடோரஸ் எழுதுகிறார்.

மெம்ஃபிஸின் இடுகாடான சக்காராவில் அந்தக் காளைகள் அடக்கமான செராபியம் சுரங்கத்துக்குள் நான் இறங்கியிருக்கிறேன். வெளியே பாலைவனத்தின் உலர்ந்த காற்று, உள்ளே புழுக்கம். நீண்ட நடையின் இருபுறமும் தரைமட்டத்துக்குக் கீழே இறக்கி வெட்டிய அறைகள், அறைக்கு ஒன்றாகக் கல்சவப்பெட்டிகள். பெரிய சுரங்கத்தில் மட்டும் 24. சில 60 டன்னைத் தாண்டும் என்கிறார்கள். ஒரு பெட்டியின் பக்கவாட்டில் கைபேசி விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன்: என் முகம் தெரியும் அளவுக்கு மெருகு, அந்த மெருகின் மேல் எழுத்துகளோ, அவசரத்தில் ஆணியால் கீறியவைபோல் கோணல்மாணலாக இருந்தன. மெருகேற்றியவன் ஒருவன், எழுதியவன் வேறொருவன் என்று பார்த்தவுடனே தெரிகிறது. மூடிகள் ஒரு ஆள் நுழையும் அளவுக்குத் தள்ளப்பட்டிருக்கின்றன, உள்ளே ஒன்றுமில்லை. 1851இல் பிரெஞ்சு அகழாய்வாளர் அகுஸ்து மரியத் உள்ளே நுழைவதற்கு எத்தனையோ காலம் முன்பே திருடர்கள் வந்து போய்விட்டார்கள். பழைய கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதிவைத்திருந்த மணல்மேட்டுக் கோயிலின் ஸ்ஃபிங்ஸ் (சிங்க உடலும் மனிதத் தலையும் கொண்ட சிலை) வரிசையை நினைவில் வைத்துக்கொண்டு, மணலில் தலை மட்டும் நீட்டிக்கொண்டிருந்த ஒரு ஸ்ஃபிங்ஸைப் பின்தொடர்ந்தவர் அவர். சுவரில் வரிசையாகச் சதுரக் குழிகள் இருக்கின்றன. அங்கே பதித்திருந்த கல்வெட்டுப் பலகைகளில் பெரும்பகுதி இப்போது பாரிஸில், லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

பிப்ரவரி 9

அந்தப் பலகைகளைச் சொன்னதும் கம்பீசஸ் மறுபடி வந்துவிடுகிறான்.

அவன் ஏபிஸ் காளையின் தொடையில் வாளால் குத்தி, “இரத்தமும் சதையுமான இதுவா உங்கள் கடவுள்?” என்று எள்ளி நகையாடியதாகவும், காளை அந்தப் புண்ணாலேயே இறந்ததாகவும், பூசாரிகள் அவனுக்குத் தெரியாமல் அடக்கம் செய்ததாகவும் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். பூனைக் கதைக்கு எதிராக நான் சாட்சிக்கு அழைத்த அதே ஹெரோடோட்டஸ்தான். ஆனால் செராபியத்திலேயே கிடைத்த பலகை ஒன்று, கம்பீசஸின் 6ஆம் ஆட்சியாண்டில் ஒரு ஏபிஸ் முறைப்படி அடக்கமானதைச் சொல்கிறது. தன் தந்தையாகிய ஏபிஸ்-ஒசிரிஸுக்காகக் (ஒசிரிஸ் இறந்தோரின் கடவுள்) கம்பீசஸ் செய்வித்தது என்று அந்தக் காளையின் கல்சவப்பெட்டியிலேயே பொறித்திருக்கிறது. அடுத்த ஏபிஸ் அவன் காலத்திலேயே பிறந்து, பின் வந்த பாரசீக மன்னன் டேரியஸின் 4ஆம் ஆண்டு வரை வாழ்ந்திருக்கிறது. குத்துப்பட்டுச் செத்த காளைக்கு இந்த ஆவணங்களில் எளிதாக இடம் கிடைக்கவில்லை.

அப்படியானால் கதை எங்கிருந்து முளைத்தது? கம்பீசஸ் பல கோயில்களின் வருமானத்தை வெட்டி ஆணையிட்டதற்கு ஒரு பாப்பிரஸ் (நாணல் தாள்) சான்று இருக்கிறது. மானியம் போன பூசாரிகளின் பேரர்கள்தான், ஏறத்தாழ 75 ஆண்டுகள் கழித்து ஹெரோடோட்டஸுக்குக் கதை சொன்னவர்கள். காளையைக் குத்தினானோ இல்லையோ, கோயில் களஞ்சியத்தில் கைவைத்தான். அதை அவர்கள் மறக்கவில்லை.

பிப்ரவரி 11

“அப்படியானால் பூனையும் ஒன்றுதான் இருந்திருக்க வேண்டும், பிறகு ஆயிரக்கணக்கான பூனை மம்மிகள் ஏன்?” என்ற கேள்வி நியாயமானது. இங்கேதான் கதை இருட்டாகிறது.

லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் அபிடோஸில் கிடைத்த ஒரு பூனை மம்மி இருக்கிறது, கி.பி. 1ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. வெளிர்நிற லினன் நாடாவையும் கரும்பழுப்புச் சாயமேற்றிய நாடாவையும் மாற்றி மாற்றி மடித்து, சதுரத்துக்குள் சதுரமாகக் கழுத்திலிருந்து அடிவரை பின்னியிருக்கிறார்கள். முகத்தைத் தனியாகச் செய்து, காதுகளை நிமிர்த்தி, கண்ணும் மூக்கும் தீட்டியிருக்கிறார்கள். ஒரு மடிப்பும் பிசகவில்லை. இவ்வளவு அன்போடு அடக்கம் செய்திருக்கிறார்களே என்று கண்ணாடிக்கு முன்னால் நின்று உருகினேன். பிற்பாடுதான், எகிப்தியப் பூனை மம்மிகளை எக்ஸ்ரே எடுத்து 1981இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிப் படித்தேன். பூனைகளில் மிகப் பெரும்பாலானவை ஒன்று முதல் நான்கு மாதக் குட்டிகள், அல்லது ஒன்பது முதல் பன்னிரண்டு மாதத்தவை. பலவற்றின் கழுத்தெலும்பு முறித்து விலக்கப்பட்டிருந்தது. முதுமையில் இறந்த வீட்டுப் பூனைகள் அல்ல அவை. வளர்த்து, அளவு பார்த்து, கழுத்தைத் திருகி, சுற்றி, கோயிலுக்கு வந்தவர்களிடம் காணிக்கைப் பொருளாகக் கொடுத்தவை.

பூனையைத் தவறுதலாகக் கொன்றவனைத் தப்பவிடாமல் தண்டித்த நாட்டில், பூனைக்குட்டிகளின் கழுத்தை முறிப்பதைத் தொழிலாகச் செய்தவர்கள் இருந்தார்கள். டியோடோரஸின் காலமும் இந்தக் காணிக்கைகளின் காலமும் ஒன்றோடொன்று மேற்படிகின்றன.

பிப்ரவரி 12

இதை ‘இரட்டை வேடம்’ என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அவ்வளவு எளிதாக முடித்துவிட வேண்டாம். சடங்கோடு இறந்து சுற்றப்பட்ட உயிர் ஒசிரிஸோடு சேர்ந்துவிடுகிறது, அதுவே தெய்வத்தன்மை பெற்றுவிடுகிறது என்பது அவர்கள் கொள்கை. வேண்டுதலைக் கடவுளிடம் எடுத்துச்செல்லும் தூதன் அது. கடவுளுக்கு எழுதிய மனுக்களும் இத்தகைய புனித விலங்குச் சுரங்கங்களிலிருந்து கிடைத்திருக்கின்றன. தெருவில் அடிபட்டுச் சாவதும் கோயிலில் சாவதும் அவர்கள் கணக்கில் ஒன்றல்ல. எனக்கு ஒப்புதல் இல்லாத கணக்கு, ஆனாலும் கணக்கு.

பிப்ரவரி 12, பின்னிரவு

மேலே எழுதியதை மறுபடி படித்தபோது, பூசாரிகளுக்காக அளவுக்கு மீறி வாதாடிவிட்டேனோ என்று தோன்றுகிறது. கொள்கை ஒருபுறம் இருக்கட்டும், வருமானமும் இருந்தது. எந்த மம்மியும் சும்மா கிடைக்கவில்லை. லினன், நேட்ரான் உப்பு, பிசின், சாடி, கூலி எல்லாவற்றுக்கும் செலவு உண்டு, அதைக் கொடுத்தவர் வேண்டுதலோடு வந்தவர்.

பிப்ரவரி 14

பணம் புழங்கினால் கள்ளமும் புழங்கும். அதற்கு எகிப்தியர் ஒருவரே சாட்சி.

கி.மு. 2ஆம் நூற்றாண்டில் செபென்னிடோஸ் ஊரைச் சேர்ந்த ஹோர் என்ற பூசாரி சக்காராவில் தோத் கடவுளின் பறவையான அரிவாள் மூக்கன்களின் பணியில் இருந்தார். அவர் பானையோடுகளில் எழுதிவைத்த வரைவுகளை 1960களில் வால்டர் எமரியின் அகழாய்வு வெளிக்கொணர்ந்தது. கனவுகளையும் கவலைகளையும் மாறி மாறி எழுதிய மனிதர் அவர். சிரிய மன்னன் அந்தியோக்கஸின் படை எகிப்தை விட்டுப் போய்விடும் என்று கி.மு. 168இல் தாம் கண்ட கனவைப் பலமுறை நினைவூட்டிக்கொள்கிறார். சக்காராவில் அப்போது 60,000 அரிவாள் மூக்கன்கள் தீனி பெற்றதாக ஒரு ஓட்டில் இருக்கிறது. அந்தத் தீனி ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை, அடக்கமும் ஒழுங்காக நடக்கவில்லை என்பதுதான் அவருடைய பெரிய குறை. விசாரணை நடந்தது, பொறுப்பில் இருந்தவர்கள் சிக்கினார்கள், ‘ஒரு சாடியில் ஒரு கடவுள்’ இருக்க வேண்டும் என்று விதி வகுத்தார்கள். அப்படி ஒரு விதி தேவைப்பட்டது என்றால், அதற்கு முன் சாடிகளுக்குள் என்ன இருந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஊகிக்கவும் தேவையில்லை. மான்செஸ்டரில் 800க்கும் மேற்பட்ட விலங்கு மம்மிகளை எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்து 2015இல் முடிவைச் சொன்னார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில் முழு விலங்கு. இன்னொரு பங்கில் உடலின் சில துண்டுகள். மீதி மூன்றில் ஒரு பங்கில் விலங்கே இல்லை. களிமண், குச்சி, நாணல், இறகு, முட்டையோடு ஆகியவைதாம் இருந்தன.

பிப்ரவரி 15

“கி.மு. காலத்துக் கலப்படம்” என்று ஒருவர் எழுதியதைப் படித்துச் சிரித்துவிட்டேன். ஆனால் அந்த ஆய்வைச் செய்தவர்களே இதை மோசடி என்று சொல்லவில்லை. புனிதப் பறவையின் கூட்டிலிருந்து எடுத்த இறகுக்கும் அது கிடந்த மண்ணுக்கும் அதே தன்மை உண்டு என்று கருதியிருக்கலாம் என்பது அவர்கள் விளக்கம். நான் பாதி ஏற்கிறேன். ஹோரின் புலம்பலைப் படித்த பிறகு மறுபாதியை ஏற்க மனம் வரவில்லை.

பிப்ரவரி 19

இத்தனை பறவைகள் எங்கிருந்து வந்தன? டூனா எல்-கெபெல் சுரங்கங்களில் மட்டும் 40 லட்சம் அரிவாள் மூக்கன்கள் இருந்திருக்கும் என்பது மதிப்பீடு. கோழிப் பண்ணை போல் வளர்த்திருப்பார்கள் என்றுதான் பலரும் நினைத்தார்கள். 2019இல் வெளியான மரபணு ஆய்வு, மம்மிப் பறவைகளிடையே காட்டுப் பறவைகளுக்கு உரிய வேறுபாடுகள் அப்படியே இருந்ததைக் காட்டியது. தலைமுறை தலைமுறையாகப் பண்ணையில் அடைத்து வளர்த்திருந்தால் அந்த வேறுபாடு குறைந்திருக்கும். ஆகவே காட்டுப் பறவைகளைத் தீனி போட்டு வரவழைத்தோ பிடித்தோ சிறிது காலம் வைத்திருந்திருக்கிறார்கள். ஹோர் சொல்லும் 60,000 பறவைகளை நான் இப்போது கூண்டுக்குள் எண்ணிப் பார்ப்பதில்லை, ஏரிக்கரையில் தீனிக்கு இறங்கும் கூட்டமாகவே எண்ணுகிறேன். 19ஆம் நூற்றாண்டில் அந்தப் பறவை எகிப்திலிருந்தே மறைந்துவிட்டது.

கிளைக்கதை ஒன்று. நெப்போலியனின் எகிப்துப் படையெடுப்போடு போன விலங்கியலாளர் ஜியோஃப்ரே சாந்-இலேர் அரிவாள் மூக்கன் மம்மிகளைப் பாரிஸுக்குக் கொண்டுவந்தார். கூவியே என்ற பிரெஞ்சு அறிவியலாளர் அந்த எலும்புகளை உயிருள்ள பறவையின் எலும்புகளோடு ஒப்பிட்டு, இத்தனை ஆயிரம் ஆண்டுகளில் ஒரு மாற்றமும் இல்லை, ஆகவே உயிரினங்கள் மாறுவதில்லை என்று வாதாடினார். எகிப்தின் சூழல் மாறவில்லையே, பிறகு பறவை எதற்காக மாற வேண்டும் என்று, உயிரினங்கள் மாறும் என்று கருதிய லமார்க் திருப்பிக் கேட்டார். டார்வின் பிறப்பதற்கு முன்பே பரிணாமம் பற்றிய வழக்கொன்றில் பூசாரிகள் சுற்றிவைத்த பறவை சாட்சிக் கூண்டில் ஏறிவிட்டது.

பிப்ரவரி 20

எகிப்தின் பெனி ஹசன் என்ற இடத்துப் பூனை மம்மிகளைப் பற்றிக் கேட்டவருக்கு: 1888இல் ஓர் உழவர் மண்ணைத் தோண்டியபோது வெளிப்பட்டவை. அவற்றில் 19 டன் அளவு லிவர்பூலுக்குக் கப்பலேறி, 1890இல் ஏலத்தில் விற்றுப்போய், பொடியாகி, இங்கிலாந்து வயல்களுக்கு உரமானது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பூனைகள் என்று அப்போது கணக்குச் சொன்னார்கள். விலங்கைக் கும்பிட்ட எகிப்தியரைப் பார்த்துச் சிரிப்பவர்கள் இந்த ஏலத்தையும் ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கலாம்.

பிப்ரவரி 23

முதலைக்கு வருகிறேன். இந்த இழையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

எகிப்தின் ஃபயூம் பகுதியில், ஷெடெட் நகரில், சோபெக் கடவுளின் முதலை ஓர் ஏரியில் இருந்தது. ஸ்ட்ராபோ அங்கே போனபோது, அவரை அழைத்துப் போன உள்ளூர்ப் பெரியவர் விருந்திலிருந்து ஒரு சிறு பணியாரமும் வறுத்த இறைச்சியும் தேன் கலந்த பானமும் எடுத்துக்கொண்டு வந்தார். முதலை கரையில் படுத்திருந்தது. பூசாரிகள் அருகே போனார்கள். சிலர் வாயைப் பிளந்து பிடிக்க, ஒருவர் பணியாரத்தை உள்ளே வைத்தார், அடுத்து இறைச்சி, பிறகு பானத்தை ஊற்றினார். முதலை தண்ணீரில் குதித்து எதிர்க்கரைக்குப் போய்விட்டது. அதற்குள் இன்னொரு வெளியூர்க்காரர் காணிக்கையோடு வந்து நின்றார். பூசாரிகள் அதை வாங்கிக்கொண்டு ஏரியைச் சுற்றி ஓடி, முதலையைப் பிடித்து, மறுபடி வாயைப் பிளந்தார்கள். அந்த முதலைக்குப் பசி என்பதே தெரிந்திருக்காது.

இது ஸ்ட்ராபோவுக்காக நடந்த தனிச் சிறப்பன்று. கி.மு. 112இல் லூசியஸ் மெம்மியஸ் என்ற ரோம செனட்டர் அந்தப் பகுதியைப் பார்க்க வந்தபோது, மேலதிகாரி ஒருவர் கீழுள்ளவருக்கு அனுப்பிய கடிதம் கிடைத்திருக்கிறது. விருந்தினர் மாளிகை தயாராக இருக்க வேண்டும், இறங்கும் துறைகள் ஒழுங்காக இருக்க வேண்டும், பெடேசுகோஸ் என்ற புனித முதலைக்கும் மற்ற முதலைகளுக்கும் போடும் தின்பண்டம் கையில் இருக்க வேண்டும் என்று எல்லாம் அதில் இருக்கிறது. பெரிய மனிதர் வருகிறார் என்றால் அரசு அலுவலகத்தில் எப்படிப்பட்ட சுற்றறிக்கை பறக்குமோ அதேதான்.

அந்தக் கடிதம் கிடைத்த இடம் இன்னும் சுவையானது. ஃபயூமின் டெப்டுனிஸ் ஊரில் 1900இல் கிரென்ஃபெல், ஹண்ட் என்ற ஆங்கிலேய ஆய்வாளர்கள் இருவரும் மனித மம்மிகளைத் தேடித் தோண்டினார்கள்; முதலை மம்மிகள்தாம் வந்துகொண்டே இருந்தன. எரிச்சலடைந்த ஒரு தொழிலாளி ஒன்றை ஓங்கி உடைத்தான். உள்ளேயும் சுற்றிலும் எழுதிய பாப்பிரஸ்! வேண்டாத அலுவலகக் காகிதங்களை வாங்கி முதலைக்குள் திணித்திருக்கிறார்கள். மெம்மியஸ் கடிதம் அந்தக் குவியலைச் சேர்ந்தது. முதலைக்குத் தின்பண்டம் தயார் செய்யச் சொன்ன கடிதம் ஒரு முதலையோடே அடக்கமாகி, இப்போது கலிஃபோர்னியாவில் பெர்க்லியில் இருக்கிறது.

பிப்ரவரி 25

‘எகிப்தியர் முதலையை வணங்கினர்’ என்று பொதுவாக எழுத வேண்டாம் என்பதற்கு ஒரு சான்று: எகிப்தின் தென்கோடியான எலிஃபண்டைன் பக்கத்தில் முதலையைத் தின்றார்கள் என்று ஹெரோடோட்டஸே எழுதுகிறார். கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் தம் காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறார். நீண்ட மூக்குடைய ஒரு மீன் ஆக்சிரிங்கஸ் ஊராருக்குப் புனிதம். நாய் சைனோபொலிஸ் ஊராருக்குப் புனிதம். நாய் ஊரார் அந்த மீனைத் தின்றார்கள். மீன் ஊரார் நாய்களைப் பிடித்து வெட்டி, பலி இறைச்சியைப் போல் தின்றார்கள். சண்டை முற்றி, ரோமர் தலையிட்டுத் தண்டித்த பிறகுதான் அடங்கியது. நாடு முழுவதும் ஒரே விலங்குப் பட்டியல் இருந்ததாக எண்ணிக்கொண்டு வாதாடுகிறவர்கள் இந்த இரண்டு ஊர்களுக்கு நடுவே வீடு பார்த்துக் குடியேறிப் பார்க்க வேண்டும்.

மார்ச் 2

நாய்களைப் பற்றி: சக்காராவில், நாய் போன்ற தலையுடைய அனுபிஸ் கடவுளின் கோயிலை ஒட்டிய சுரங்கத்தில் ஏறத்தாழ 78 லட்சம் விலங்குகள் இருந்திருக்கும் என்று கார்டிஃப் பல்கலைக்கழகக் குழு 2015இல் மதிப்பிட்டது. பெரும்பாலானவை நாய்கள், அவற்றில் பலவும் பிறந்து சில மணி நேரமோ சில நாளோ ஆன குட்டிகள். ஒவ்வொன்றாக எண்ணியதல்ல, சில இடங்களின் அடர்த்தியை வைத்துப் போட்ட கணக்கு. ஆகவே அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு யாரும் சண்டையிட வேண்டாம்.

பபூன் குரங்குகளின் நிலை வேறு. அவை எகிப்தில் இல்லாத இனம், தெற்கேயிருந்து கடல்வழியாகவும் கொண்டுவந்தவை. தென் எகிப்தின் தீப்ஸ் நகர் அருகே கிடைத்த பபூன் எலும்புகளில் பெரும்பாலானவற்றில் வளைந்த கை கால்களும் வெயில் படாததால் வரும் எலும்பு நோயின் தடங்களும் இருந்தன. சூரியன் உதிக்கும்போது கைதூக்கித் தொழுவதாக எகிப்தியர் செதுக்கிய அதே விலங்கை வெயில் புகாத இடத்தில் அடைத்து வைத்திருக்கிறார்கள். நான் இதுவரை எழுதியவற்றில் பூனைக்குட்டிகளின் கழுத்தைவிட இதுவே என்னை அதிகம் தொந்தரவு செய்கிறது. அங்கே கொல்லும் நோக்கமாவது இருந்தது. இங்கே போற்றிக்கொண்டே கெடுத்திருக்கிறார்கள்.

மார்ச் 3

எப்போது முடிந்தது என்ற கேள்விக்குச் சுருக்கமாக. விலங்கு மம்மிகளின் பெருக்கம் கி.மு. 7ஆம் நூற்றாண்டுக்குப் பிறகான கதை. பிரமிடுகள் கட்டி ஏறத்தாழ 2,000 ஆண்டுகள் கழித்து, அந்நியர் ஆட்சி அடுத்தடுத்து வந்த காலத்தில்தான் அது உச்சத்துக்குப் போனது. தாலமிகள் அதற்குச் செலவும் செய்தார்கள். தாலமி காலத்து ரொசெட்டா கல்வெட்டிலேயே, ஏபிஸுக்கும் மினேவிஸுக்கும் அரசன் செய்த கொடை பட்டியலாக வருகிறது. ரோமப் பேரரசன் அகஸ்டஸ் மட்டும், தெய்வங்களை வணங்கித்தான் எனக்குப் பழக்கம், மாடுகளை அல்ல என்று சொல்லி ஏபிஸைப் பார்க்க மறுத்துவிட்டான். அர்மந்தில் கடைசியாகக் கிடைத்த புகிஸ் காளையின் கல்வெட்டு கி.பி. 340ஐச் சேர்ந்தது. ரோமப் பேரரசர்கள் கிறித்தவர்களாகிவிட்ட காலம். ஆனால் ஆண்டுக் கணக்கை அவர்கள் பெயரில் எழுதாமல், அவர்களுக்கு முந்தைய டயோக்ளீஷியன் பெயரிலேயே எழுதியிருக்கிறார்கள்.

மார்ச் 9

“அன்பினால் மட்டும் வளர்த்த பூனை ஒன்றுகூடவா எகிப்தில் இல்லை?” இந்தக் கேள்வியை நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். இருந்தது. பழைய எகிப்திய மன்னன் மூன்றாம் அமென்ஹோதெப்பின் மகன் துத்மோஸ் தன் வளர்ப்புப் பூனைக்குத் தனிச் சுண்ணாம்புக்கல் பெட்டியே செய்துவைத்தான். அது கெய்ரோவில் இருக்கிறது. ஆனால் அவன் இளவரசன். சாதாரண மனிதர்களுக்குச் சான்று செங்கடல் துறைமுகமான பெரெனிகேயில் கிடைத்தது.

கி.பி. 1, 2ஆம் நூற்றாண்டுகளில் அந்த ஊரின் ஓரத்தில் விலங்குகளுக்கென்று ஒரு புதைகாடு இருந்தது. போலந்து ஆய்வாளர்கள் ஆராய்ந்த 585 விலங்குகளில் 90 விழுக்காட்டுக்கும் மேல் பூனைகள். மம்மியாக்கவில்லை, கழுத்தை முறிக்கவில்லை. சிலவற்றின் மேல் துணியோ உடைந்த பானைத் துண்டோ போர்த்தியிருந்தது, சிலவற்றின் கழுத்தில் இரும்புப் பட்டையோ மணிகளோ இருந்தன. பல்லெல்லாம் விழுந்த கிழட்டு நாய்களும் அங்கே புதைபட்டிருக்கின்றன. அவற்றுக்கு யாரோ மெல்லத் தேவையில்லாத உணவைக் கொடுத்துக் காப்பாற்றியிருக்க வேண்டும். பாலைவனத்தில், நல்ல தண்ணீரையே வெளியிலிருந்து கொண்டுவர வேண்டிய ஊரில்.

இதே பெரெனிகேயில்தான் செராபிஸ் கோயில் முற்றத்தில், இந்தியாவில் வனைந்த சாடியில், ஏழரைக் கிலோ மிளகு கிடைத்தது. ‘கொற்றபூமான்’ என்று தமிழ்ப் பிராமியில் எழுதிய பானையோடும் இங்கே கிடைத்ததுதான். செராபிஸ், ஒசிரிஸோடு கலந்த ஏபிஸ் காளையிலிருந்து உருவான தெய்வம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், நம் மிளகு எந்தத் தெய்வத்தின் வாசலில் இறங்கியது என்பது புரியும்.

மார்ச் 10

பெரெனிகே புதைகாட்டில் சில குரங்குகளும் கிடைத்தன; அவை முசிறியிலிருந்து மிளகோடு போனவைதானே என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். அவசரம் வேண்டாம். அவற்றில் இந்தியக் குரங்குகள் இருந்தது உறுதி. ஆனால் எலும்பை ஒப்பிட்டு முதலில் இனம் கண்டவை ரீசஸ் குரங்குகள், அதாவது வட இந்தியாவில் திரிபவை. குஜராத்தின் பரூச் துறைமுகத்திலிருந்தும் அந்தக் காலத்தில் எகிப்துக்குக் கப்பல்கள் போய்க்கொண்டுதான் இருந்தன. மிளகு போன கப்பலையும் குரங்கு போன கப்பலையும் ஒன்றாக்கிப் பெருமைப்பட்டுக்கொள்ள இந்த எலும்புகள் இடம் தரவில்லை.